மேலே கேட்ட மூச்சு

"இப்பத்தானேடி மேல வந்து ஊதுன, அதுக்குள்ள இன்னொரு முங்கல் முடிஞ்சதா? நெஞ்சுக்குள்ள துருத்தி வச்சிருக்கியா?"

பக்கத்து மிதவையைப் பிடித்தபடி சுன்டோக் சிரித்தாள். மல்சுன் அந்த நொடிதான் நீருக்கு மேலே தலையைத் தூக்கியிருந்தாள். அடக்கிய மூச்சை இன்னும் விட்டிருக்கவேயில்லை.

"நான் எங்கக்கா ஊதுனேன்?"

"உன் சீழ்க்கை எனக்குத் தெரியாதா? கடைசியில கிழிஞ்சாப்ல ஒரு இழுப்பு. இந்த ஜேஜு தீவுக் கடல்ல வேற யாருக்கிருக்கு?"

மல்சுன் மூச்சை விட்டாள். அது சீழ்க்கையாக நீண்டு, கடைசியில் கிழிந்தது. முக்குளிக்கும் பெண்கள் ஒருத்திக்கொருத்தி காவல் இருப்பது இந்தச் சத்தத்தால்தான். ஒருத்தியுடையது கேட்காமல் போனால் மற்றவர்கள் பாய்ந்து இறங்குவார்கள்.

"போதும், கரையேறுவோம்டி."

"ஒரே ஒரு அபலோன் சிப்பிக்கா. பிள்ளை பெத்திருக்கிற மகளுக்குக் கஞ்சி வைக்கணும்."

"பேத்தி வந்ததும் பேராசையும் வந்துருச்சு. மூச்சு பாதி இருக்கும்போதே மேல வந்துடு."

காதுக்குள் கடலின் கனத்த ரீங்காரமும், வாயில் ரப்பரும் உப்பும் கலந்த கசப்பும், உடம்பை உரசி விலகும் பாசிகளின் வழவழப்புமாக அவள் இறங்கிக்கொண்டே போனாள். பாறை இடுக்கில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சிப்பி. கையிலிருந்த இரும்பு நெம்பியால் முதல் குத்திலேயே பெயர்த்துவிட வேண்டும். கை தவறியது. சிப்பி பாறையோடு இறுகி இரும்பைக் கவ்விக்கொண்டது. இரும்பின் கயிறு அவள் மணிக்கட்டில் இறுகியிருந்தது.

பதறக் கூடாது. பதறினால் மூச்சு சீக்கிரம் கரையும். என் சத்தம் கேட்காவிட்டால் அக்கா வந்துவிடுவாள்.

நெஞ்சிலிருந்த காற்றின் உயிர்ச்சத்தை ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டிருந்தது. உடம்பு முதலில் விரல்களைக் கைவிட்டது. பிறகு கால்களை. மிச்சத்தை இதயத்துக்கும் தலைக்கும் ஒதுக்கியது. இதயம் மெதுவானது. மூச்சு கேட்டு வயிறு துள்ளியது. வாயை இறுக்கினாள். மறுபடி துள்ளியது.

மேலே ஒரு சீழ்க்கை.

நீண்டது. கடைசியில் கிழிந்தது.

அண்ணாந்தாள். அவளுடைய ஆரஞ்சு மிதவை. அதன் கீழே தொங்கும் இரண்டு கால்கள். வலது கால் துடுப்பில் அவள் காலையில் ஒட்டிய பச்சை டேப்.

தண்ணீரினூடே சுன்டோக்கின் குரல் மங்கலாக வந்தது. வார்த்தை புரியவில்லை. சிரிப்பு புரிந்தது.

கால்கள் அசைந்தன. மிதவை நகர்ந்தது. மற்ற மிதவைகளும் அதன் பின்னால்.

கரைக்கு.

மகளும் குழந்தையும் இருக்கும் பக்கம்.