புலி முத்திரையும் வாழைத் தெப்பமும்

கார்த்திகை மாதத்து முழுமதி கடற்பக்கமிருந்து மெல்ல எழும்பி, மழை நீரால் இரு கரையும் தொட்டுப் புரண்டோடிய வெள்ளாற்றின்மீது தன் வெண்கதிர்களைப் பரப்பத் தொடங்கிய வேளையில், மேற்றிசையில் செவ்வானம் இன்னும் மறையாமலே இருந்தது. ஒரு பாதி பொன்னும் மறு பாதி வெள்ளியுமாக விளங்கிய அந்த நதியின் வடகரையில், நாணற் புதர்களுக்கும் மருத மரங்களுக்கும் நடுவே கோரைத்துறை என்னும் ஓடத்துறை அமைந்திருந்தது. நேயமிக்க வாசகர்களே, நாம் இந்த அழகில் வேண்டுமட்டும் மயங்கி நிற்கலாம். நமக்கு இங்கே கட்ட வேண்டிய வரி எதுவும் இல்லை. ஆனால் படித்துறையின் கடைசிப் படியில் இடுப்பில் கை வைத்து நின்ற உமைநங்கைக்கு அன்று நிலவைப் பார்க்கக்கூட நேரமில்லை.

அவள்தான் அந்தத் துறையின் உரிமைக்காரி. மூன்றாண்டுகளுக்கு முன் துறை ஏலத்துக்கு வந்தபோது, தன் கைவளைகளையும் காதணிகளையும் விற்று, ஆண்பிள்ளைகள் பதினொருவரை வாயடைக்கச் செய்து அதை எடுத்தவள். இரண்டு ஓடங்கள், எட்டு ஓடக்காரர்கள். அந்த எட்டு வீடுகளிலும் அடுப்பெரிவது இந்தத் துறையால்தான். அந்த இரண்டு ஓடங்களையும் இப்போது சுங்கச் சாவடி ஆட்கள் இரும்புச் சங்கிலியால் மருத மரத்தோடு பிணைத்துக்கொண்டிருந்தார்கள்.

"புலி இல்லாத ஓடம் கள்ள ஓடம்!" என்றார் சுங்க அதிகாரி பல்லவரையர். பெருத்த உடலும் அதைவிடப் பெருத்த குரலும் படைத்தவர் அவர். "கூலி வாங்கும் ஓடம் ஒவ்வொன்றின் முகப்பிலும் சக்கரவர்த்தியின் புலி முத்திரை இருக்க வேண்டும். எங்கே அது? காட்டு பார்க்கலாம்!"

புலி இல்லாமல் இல்லை. ஆடி மாதத்தில் முறைப்படி காசு கட்டி, பழுக்கக் காய்ச்சிய முத்திரைக்கோலால் முகப்பில் சுட்ட புலி அது. ஆனால் மழைக்கு முன்பு ஓடங்களுக்குக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவது ஓடக்காரர் வழக்கம் அல்லவா? உமைநங்கையின் தலைமை ஓடக்காரன் மல்லன், முதலாளியம்மாளின் ஓடம் பளபளக்க வேண்டும் என்ற ஆசையில், பலகை இடுக்கை அடைத்ததோடு நிற்காமல் புலியையும் சேர்த்து அடைத்துவிட்டான்!

"என் தலையிலே இடி விழ! நான்தான் தாயே பூசினேன். ரெண்டு கை கூடுதலாவே பூசிட்டேனே!" என்று மல்லன் தலையில் அடித்துக்கொண்டான்.

"சுரண்டிக் காட்டுகிறோம், ஐயா. பூச்சுக்கு அடியில் புலி பத்திரமாக இருக்கிறது" என்றாள் உமைநங்கை.

"அரசாங்க முத்திரைமேல் நீ கத்தி வைப்பாயா? கையை வெட்டிவிடுவேன்! மறு முத்திரை போட வேண்டும், தண்டமும் கட்ட வேண்டும். முத்திரைக்கோல் சாவடிக்குள் இருக்கிறது. சாவடித் திறவுகோல் கணக்கனிடம். கணக்கன் ஊரில் இல்லை. நாலு நாள் கழித்து வா."

உண்மை என்னவென்றால், மாதந்தோறும் பல்லவரையர் தனியாக எதிர்பார்த்த 'அன்பளிப்பு' இந்தத் துறையிலிருந்து ஒருமுறைகூட அவருக்குப் போகவில்லை. துறை கைமாறினால் எடுத்துக்கொள்ள அவருடைய மைத்துனர் ஒருவர் ஆறு மாதமாகவே தயாராக இருந்தார்.

அப்போதுதான் தென்கரையிலிருந்து மணியோசை கேட்டது. ஒன்று... இரண்டு... மூன்று. மூன்று முறை மணி ஒலித்தால் அரசோலை கொண்டு வந்தவர் காத்திருக்கிறார் என்று பொருள்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது பல்லவரையருக்கு. படித்துறையில் நட்டிருந்த கல்லைத் தம் கைப்பிரம்பால் தட்டினார். "இதில் வெட்டியிருப்பது உனக்குத் தெரியும்தானே? மணி மூன்று கேட்டபின் நாழிகை வட்டில் இருமுறை மூழ்குவதற்குள் அரசோலையைக் கடத்தாத துறையார், துறையை இழப்பர். அடே, வட்டிலைக் கொண்டு வாருங்கள்!" என்றவர், அடியில் சிறு துளையிட்ட அந்தச் செப்புக் கிண்ணத்தைத் தம் கையாலேயே அண்டா நீரில் மிதக்கவிட்டார்.

உமைநங்கை வட்டிலைப் பார்த்தாள். மூன்றாண்டு உழைப்பு இரண்டு கிண்ணம் தண்ணீரில் மூழ்கப் போகிறது! சங்கிலியைப் பார்த்தாள், ஆற்றைப் பார்த்தாள். பிறகு அக்கரைக் கோயில் திருவிழாவுக்காகக் குலையோடு வெட்டிய வாழைமரங்களை ஏற்றிக்கொண்டு ஓடத்துக்குக் காத்திருந்த வண்டியைப் பார்த்தாள்.

"அண்ணா, மரங்களைக் கொடுப்பீரா? விலை பிறகு பேசிக்கொள்வோம்."

"எடுத்துக்க தாயி. சாமிக்கு நாளைக்கு வேற வெட்டிக்கலாம்" என்று வண்டிக்காரர் தாமே முதல் மரத்தை இறக்கினார்.

எட்டு ஓடக்காரர்களும் பாய்ந்தார்கள். குலை சீவி, இலை கழித்து, குறுக்கே மூங்கில் செருகி, தென்னங்கயிற்றால் இறுக்கினார்கள். பல்லவரையர் தடுக்கவில்லை. "கட்டட்டும், நன்றாகக் கட்டட்டும்! முத்திரையில்லாத கலத்தில் ஆளேற்றிய குற்றமும் சேரட்டும்" என்று மீசையைத் தடவிக்கொண்டார். முதல் வட்டில் மூழ்கி அடியைத் தொட்ட சமயத்தில், உமைநங்கை தெப்பத்தின்மேல் மண்டியிட்டுத் துடுப்பைப் போட்டாள். இருவருக்குமேல் தாங்காத தெப்பம் அது. அதனால் தனியாகவே போனாள்.

தென்கரையில் குதிரையை மரத்தில் கட்டிவிட்டு நின்றிருந்தான் ஓர் இளைஞன். புழுதி படிந்த எளிய உடை. ஆனால் நிற்கும் நிலையில் ஒரு கம்பீரம் இருந்தது.

"இதுவா ஓடம்?" என்றான்.

"இல்லை, ஐயா, இது வாழைமரம். ஓடங்கள் அக்கரையில் சங்கிலியில் இருக்கின்றன. சீக்கிரம் ஏறி உட்காருங்கள். எழுந்து நின்றால் இருவருமே குளிக்க நேரிடும்."

இளைஞன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். தெப்பம் நீரோட்டத்தை எதிர்த்துக் குறுக்காக நகர்ந்தது. நடந்ததையெல்லாம் துடுப்புப் போட்டபடியே சொன்னாள் உமைநங்கை.

"ஓர் ஓடத்துறை நடத்த இத்தனை கடமைகளா?" என்று வியந்தான் அவன்.

"துறைக் குத்தகை உண்டு, முத்திரைக் காசு உண்டு. வெள்ளம் வடிந்ததும் படிகளைச் செப்பனிட வேண்டும். அரசோலைக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் கூலி வாங்கக் கூடாது. சட்டம் கேட்பதைக் கொடுத்துவிடலாம், ஐயா. சட்டத்துக்குப் பின்னால் நிற்பவர் கேட்பதைத்தான் கொடுத்து மாளாது."

நடு ஆற்றில் தெப்பம் ஒரு குலுங்கு குலுங்கியது. முன்கட்டு நெகிழ்ந்து ஒரு மரம் விலகியது. உமைநங்கை துடுப்பை விட முடியாது. இளைஞன் சட்டென்று தன் இடைக்கச்சையை அவிழ்த்து, மார்பு நீரில் படியக் குனிந்து, விலகிய மரத்தை இழுத்துக் கட்டினான். நனைந்த முகத்தோடு அவன் நிமிர்ந்தபோது இருவர் கண்களும் சந்தித்தன. அந்தச் சமயத்தில் உமைநங்கை துடுப்பை ஒருமுறை காற்றில் போட்டாள் என்பதை நாம் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

"பெண்ணே, என் உயிருக்கு இது ஈடாகாது. ஆயினும் பெற்றுக்கொள்" என்று அவன் ஒரு பொற்காசை நீட்டினான்.

அந்த ஒரு காசில் இரண்டு ஓடங்களுக்கும் தண்டம் கட்டிவிடலாம். உமைநங்கை அதை ஏறிட்டுப் பார்த்தாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மடியில் வையுங்கள், ஐயா. இதைத் தொட்டால் என் துறை ஆற்றோடு போய்விடும்."

வடகரையில் தீவட்டிகள் எரிந்தன, ஊரே திரண்டிருந்தது. தெப்பம் படியில் முட்டியபோது, இரண்டாம் வட்டிலின் விளிம்பு நீருக்குமேல் ஒரு விரற்கடை இருந்தது.

"வந்துட்டாங்க! தாயி வந்துட்டாங்க!" என்று மல்லன் குதித்தான்.

"வந்தால் என்ன?" பல்லவரையர் முழங்கினார். "புலி முத்திரை பெறாத கலத்தில் ஆளேற்றினாள். இதோ, ஊரே சாட்சி. துறை உரிமை இந்தக் கணமே..."

"கல்லின் இரண்டாம் வரியைப் படியுங்கள், ஐயா" என்றாள் உமைநங்கை. ஈரச் சேலையோடு படியேறி நின்றவளின் குரலில் நடுக்கம் இல்லை. "உங்களுக்குச் சிரமம் என்றால் நானே சொல்கிறேன். 'கூலி கொள்ளும் கலம் புலி பெறுக.' நான் கூலி கொள்ளவில்லை. கூலி கொள்ளாத வாழைமரத்துக்குப் புலி எதற்கு?"

கூட்டத்தில் சிரிப்பு வெடித்தது. பல்லவரையர் இளைஞன் பக்கம் திரும்பினார். "இவளுக்கு எவ்வளவு கொடுத்தாய்? அதோ, கரையிலுள்ள பிடாரி கோயிலைப் பார்த்து ஆற்று நீரை ஏந்திச் சொல்!"

இளைஞன் இரு கைகளிலும் நீரை ஏந்தினான். "பொற்காசு கொடுத்தேன். இவள் தொடவில்லை. இது சத்தியம்."

"ஓலைக்காரன் கையில் பொற்காசா? நீ அரசோலை கொண்டு வந்தவனே இல்லை! ஓலை எங்கே? காட்டாவிட்டால் முதுகுத் தோல் உரிந்துவிடும்!"

"காட்டத்தானே வந்தேன்!" என்றான் இளைஞன், மூங்கிற் குழாயைத் திறந்து. "ஓலை உமக்குத்தான். எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படியும்."

பல்லவரையர் ஓலையைத் தீவட்டியருகே பிடித்தார். "கோரைத்துறைச் சுங்கம் காணும் பல்லவரையர்... வணிகர் பலர் முறையிட்டபடியால்... இவ்வோலை கொணரும் நம் வரித் திணைக்களத் தலைவர் வயிரமேக வாணகோவரையரிடம்..." அவ்வளவு பெரிய குரல் எங்கேதான் போயிற்றோ, அதற்குமேல் வரவில்லை.

வயிரமேகன் மீதியைத் தானே சொன்னான். "முத்திரைக்கோலையும் சாவடித் திறவுகோலையும் ஒப்புவித்துவிட்டு, தலைநகருக்கு வந்து நம் முன் நிற்கவும்."

பல்லவரையர் தம் இடுப்பு முடிச்சை அவிழ்த்தார். ஊரில் இல்லாத கணக்கனிடம் இருந்ததாகச் சொன்ன திறவுகோல் அதிலிருந்து 'ணங்' என்று படியில் விழுந்தது! இந்த ஓலை வந்து சேருகிறதா என்று வட்டில் வைத்துக் காத்திருந்தவர் அவரேயல்லவா? தன் வினை தன்னைச் சுடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

வயிரமேகன் மருத மரத்தடிக்குப் போய்ச் சங்கிலியை அகற்றச் செய்தான். தந்தப்பிடிக் குறுவாளை உருவி, முதல் ஓடத்தின் முகப்பில் இறுகியிருந்த பூச்சைத் தானே மெல்லச் சுரண்டினான். முதலில் ஒரு வால், பிறகு தூக்கிய பாதம், பிறகு வாய் பிளந்த முகம்! தீவட்டி வெளிச்சத்தில் சோழப் புலி முழுதாக வெளிப்பட்டது. ஊரார் எழுப்பிய ஆரவாரம் தென்கரையில் எதிரொலித்தது. மல்லன் புலியைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"உமைநங்கை, இந்தத் துறைக்கு இனி வரியே இல்லை என்று எழுதட்டுமா?" என்று கேட்டான் வயிரமேகன்.

"வேண்டாம், பிரபு. வரி கட்டுகிறவளுக்குத்தான் கேள்வி கேட்க வாய் இருக்கும். கட்டிய காசுக்கு ஓலைச் சீட்டு கொடுக்கச் சொல்லுங்கள். பூச்சு முடிந்ததும் முத்திரையைப் பார்த்துப் போக ஓர் ஆளை அனுப்பச் சொல்லுங்கள். அது போதும்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில், "அந்த ஆளாக நானே வரலாமா?" என்றான்.

உமைநங்கை அப்போதுதான் அன்று முதன்முறையாக நிலவை நிமிர்ந்து பார்த்தாள். "தாராளமாக வரலாம். ஆனால் அரசோலை இல்லாமல் வந்தால் கூலி கொடுக்க வேண்டும், பிரபு."

"ஓலை இல்லாமல்தான் வருவேன்" என்றான் வயிரமேகன்.