மழைச் சொற்கள்

“உங்க சொந்தப் பிள்ளையா இருந்தா இதையெல்லாம் சொல்லிக் குடுப்பீங்களா டீச்சர்?”

கோவில்பட்டிப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் சண்முகப்பிரியா ஒருமுறை, வளரிளம் பருவப் பாடம் நடத்தும் ரூபி டீச்சரிடம் இப்படிக் கேட்டார். “என் பிள்ளைக்குத்தான் முதல்ல சொன்னேன்” என்றார் ரூபி. கூட்டம் ‘ச்சீ’ என்றது. அடுத்த கல்வியாண்டில் செவிச்சல்லடை வந்துவிட்டது.

சல்லடை என்பது பயறளவு கருவி. பிள்ளையின் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பதித்துவிடுவார்கள். பெற்றோர் தங்களுக்குப் பிடிக்காத சொற்களைத் திரையில் விரலால் தொட்டால் போதும். அந்தச் சொற்களை யார் சொன்னாலும் பிள்ளைக்கு மழைச் சத்தம்தான் கேட்கும். சொல்லைச் சுற்றியுள்ள வாக்கியமும் சேர்ந்தே நனைந்துவிடும். வளரிளம் பருவப் பாடத்தை அரசு நிறுத்தவில்லை. ரூபி வாரந்தோறும் நடத்த வேண்டும், பிள்ளைகள் வாரந்தோறும் மழை கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

காதல், முத்தம் எல்லாம் முதல் நாளே போயின. பிறகு ஒருவர் ‘மகரந்தம்’ வேண்டாம் என்றார். தேனீ பாடம் போயிற்று. தங்கையின் கணவரோடு சண்டையில் இருந்த ஒரு தகப்பனார் ‘அத்தை மகன்’ என்ற உறவையே மகளின் காதிலிருந்து நீக்கினார். ரூபி தலைமையாசிரியரிடம் போய்க் கத்தினார். “நமக்கு எதுக்கும்மா வம்பு? மழையத்தான நடத்துதோம், நடத்துங்க” என்றார் அவர்.

சில பிள்ளைகள், தூங்கும் அப்பாவின் விரலைப் பிடித்துத் திரையில் வைத்துச் சொற்களைத் திறந்துகொண்டார்கள். கூட்டம் கொதித்தது. இனிமேல் ஒரு சொல்லைத் திறக்க வேண்டுமானால் பெற்றவர் தம் வாயால் அந்தச் சொல்லைத் தெளிவாக உச்சரிக்க வேண்டும் என்று ஒரு யோசனை வந்தது. அதைச் சொன்னவர் சண்முகப்பிரியா. எல்லோரும் கை தட்டினார்கள்.

அவர் மகள் மிருதுளா ஏழாம் வகுப்பு. ஒரு மாதமாகப் பள்ளி வேனில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

“ஏன்டா?” என்று ரூபி தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

“டிரைவர் மாமா முன் சீட்லயே உக்காரச் சொல்லுவாரு.”

“உக்காந்தா?”

மிருதுளா பையின் வாரை விரலில் சுற்றினாள். ரூபி கேட்க வேண்டிய கேள்வியை நேராகக் கேட்டார். மிருதுளா பொறுமையாக அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மழை பெய்யுது டீச்சர்.”

வேறு சொல் போட்டுக் கேட்டார். அதுவும் மழை. ஒரு சொல்லை மூடினால், அதே பொருள் தரும் மற்றச் சொற்களையும் தானே கற்றுக்கொண்டு மூடும் அளவுக்குச் சல்லடைக்கு அறிவு இருந்தது. காகிதத்தில் எழுதிக் காட்டினார். மிருதுளா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அது மழைச் சொல்தான டீச்சர்? நான் பாக்க மாட்டேன்.” பிறகு மெதுவாக, “அந்த மாமா செய்யறதும் மழை விஷயம்தான். அத வெளிய சொன்னா அசிங்கம். அதனாலதான அம்மா எல்லாத்தையும் மூடி வச்சிருக்காங்க?”

ரூபிக்கு மேசையைக் கவிழ்க்கலாம் போலிருந்தது. காவல் உதவி எண்ணுக்குத் தகவல் கொடுத்தார். பிள்ளை வாய்திறந்து சொன்னால்தான் மேற்கொண்டு பேச முடியும் என்றார்கள். ‘உன் மேல் எந்தத் தப்பும் இல்லை, சொல்லலாம்’ என்று அவளுக்குப் புரியவைக்க வேண்டும். எதைச் சொல்லலாம் என்று சேர்த்துச் சொன்னதும் அந்த வாக்கியமும் மழையாகிவிட்டது.

சண்முகப்பிரியாவை வரவழைத்தார். மிருதுளாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே விஷயத்தை மறைக்காமல் சொன்னார்.

“ஐயோ, பிள்ள முன்னாடி என்ன பேச்சுப் பேசுதீங்க!”

“அவளுக்குத்தான் கேக்காதேம்மா! நீங்கதான அடச்சி வச்சிருக்கீங்க!”

சண்முகப்பிரியா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கு எல்லாம் புரிந்தது. “என்ன செய்யணும், சொல்லுங்க” என்றார்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். அது திறந்தால் ரூபியின் கேள்வி மிருதுளாவுக்குக் கேட்கும். உடம்பின் ஓர் உறுப்புக்கு உள்ள சாதாரணப் பெயர். ஆஸ்பத்திரிச் சுவர்களில் எழுதியிருக்கும்.

ரூபி திரையை அவர் முன் வைத்தார்.

“அது... அந்த இடம்...”

‘சொல் தெளிவாக இல்லை. மீண்டும் சொல்லவும்’ என்றது கருவி, மரியாதையாக.

“மேல... இங்க...”

‘சொல் தெளிவாக இல்லை.’

“இங்கிலீஷ்ல சொல்லட்டுமா டீச்சர்?”

“தமிழ்ல அடச்சீங்க, தமிழ்லதான் திறக்கணும். நான் சொல்லுதேன், கூடவே சொல்லுங்க.” ரூபி அந்தச் சொல்லை உரக்கச் சொன்னார்.

‘இது பெற்றோரின் குரல் அல்ல.’

“வெளிய ஆம்பளைங்க நிக்காங்க டீச்சர்.”

“நிக்கட்டும்! உங்க பொண்ணு உக்காந்திருக்கா, அவளப் பாருங்க!”

சண்முகப்பிரியா பார்த்தார். கண்கள் நிறைந்தன. வாயைத் திறந்தார், துப்பட்டாவால் மூடிக்கொண்டார், மறுபடி திறந்தார். நாக்கு எழவில்லை. அவர் அம்மாவும் அவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அவரும் நாற்பது வயது வரை யாரிடமும் சொன்னதில்லை. கடைசியில் உதடு மட்டும் அசைந்தது.

‘ஒலி போதவில்லை’ என்றது கருவி.

மிருதுளா இவ்வளவு நேரமும் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சரும் கருவியும் சொன்னதில் பாதி அவளுக்கு இரைச்சல். ஆனால் அம்மாவின் முகத்தில் சல்லடை இல்லை. வியர்வை, நடுக்கம், நிலத்தைத் தேடும் கண்கள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. அது யார் மேல் உள்ள வெட்கம் என்று கேட்க அவளுக்குத் தெரியவில்லை. தன் மேல் என்று எடுத்துக்கொண்டாள்.

பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். ரூபி ஓடிவந்து கையைப் பிடித்து எதையோ வேகமாகச் சொன்னார்; அவளுக்கு மழைதான் கேட்டது. அவள் அந்தக் கையை மெல்ல விலக்கினாள். வேன் நின்ற பக்கம் திரும்பாமல், வாசலைத் தாண்டித் தனியாக நடந்து போய்விட்டாள்.