மூன்றாவது சிலிண்டர்

நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்த லாரியின் சத்தத்தில் ஓர் அடி குறைந்தது.

மூன்று அடிகள் ஒழுங்காக விழுந்தன. நாலாவது விழ வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. உடனே வண்டி முழுவதும் ஒரு முறை குலுங்கியது. வீரபாகு பட்டாளத்துப் பட்டறையில் டீசல் எஞ்சின் பழகியவன். ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் குழாயில் வெள்ளைப் புகை வரும், எரியாத எண்ணெய் கண்ணைக் கரிக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் புகை சுத்தமாக இருந்தது. நான்கு சிலிண்டரும் எரிகிற வண்டியின் புகை அது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் அந்தத் தகரக் கொட்டகை இருந்தது. யுத்தம் முடிந்து ராணுவம் ஏலத்தில் விட்ட லாரிகளை மர வியாபாரி முகம்மது கனி வாங்கி அங்கே நிறுத்தியிருந்தார். அவற்றைப் பார்த்துக்கொள்வது வீரபாகுவின் வேலை. கொட்டகைக்குப் பின்னால் ஒரு முற்றம், அதற்கு அப்பால் அவன் குடியிருந்த வீடு. அடுக்களை ஜன்னல் கொட்டகையைப் பார்த்து இருந்தது. மேற்கே மலை காலையிலிருந்தே கண்ணில் படவில்லை. சாரல் தகரத்தின் மேல் அரிசி புடைப்பது போல விடாமல் பெய்ததில், விளக்கேற்றும் நேரத்துக்கு முன்பே வீட்டில் விளக்கு எரிந்தது.

அந்த வெளிச்சத்தில் நம்பிராஜன் உட்கார்ந்திருந்தான். இந்த லாரியின் டிரைவர் அவன். வீரபாகுவின் மனைவி மங்களேஸ்வரிக்கு அத்தை மகன். சின்ன வயதிலேயே அவளுக்கென்று பேசிவைத்த முறை மாப்பிள்ளை. பட்டாளத்து வண்டி ஓட்டப் பர்மாவுக்குப் போனவனைப் பற்றி ஒரு தகவலும் வராமல் போய், கருமாதியும் செய்து முடித்த பிறகுதான் அவளை வீரபாகுவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணமான மறு வருஷம் எலும்பும் தோலுமாக அவன் திரும்பி வந்தான். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. மங்களேஸ்வரி அழுதாள், அவ்வளவுதான். அந்த அழுகையை வீரபாகு இன்றுவரை மறக்கவில்லை. தான் செத்துத் திரும்பி வந்தால் அப்படி அழுவாளா என்று சாப்பிடும்போதும் படுக்கும்போதும் அவள் முகத்தைப் பார்த்து யோசிப்பது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது.

சாயங்காலம் வண்டி வந்தபோது நடந்தது அவன் மனதில் திரும்பத் திரும்ப ஓடியது.

"ஆரியங்காவு இறங்கி செங்கோட்டை தாண்டி வார வரைக்கும் பட்டு மாதிரி வந்துச்சு அண்ணாச்சி. உங்க கொட்டகைக்குள்ள நுழைஞ்சதும் மிஸ்ஸடிக்குது" என்றான் நம்பிராஜன்.

ஜன்னலிலிருந்து அவள் குரல் கொடுத்தாள். "ஆமா, ரோட்டுல வரும்போது சத்தம் ஒழுங்காத்தான் இருந்துச்சு. நான் இங்கன இருந்தே கேட்டேன்."

"உனக்கு என்னட்டி தெரியும் எஞ்சினைப் பத்தி?"

"எஞ்சின் தெரியாது. அத்தான் வண்டிச் சத்தம் தெரியும்லா."

நம்பிராஜன் சிரித்தான். மழையில் நிற்க வேண்டாம், உள்ளே வாருங்கள் என்று அவள் அவனை மட்டும் கூப்பிட்டாள். வீரபாகுவின் தலைக்கு மேல் கூரை இருந்ததால் அவனைக் கூப்பிடாமல் இருந்திருக்கலாம். ஆனால் நம்பிராஜன் தலைக்கு மேலும் அதே கூரைதான் இருந்தது.

மரத்தடி ஏற்றிய வண்டியை இந்த நிலையில் ரோட்டில் விடக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டுப் போயிருந்தார். சரியானால் நம்பிராஜன் இப்போதே சுரண்டைக்குக் கிளம்பிவிடலாம். ஆகாவிட்டால் சொந்தக்காரன் வீடு இருக்கும்போது சத்திரம் எதற்கு, வீரபாகு வீட்டிலேயே படுத்துக்கொள்ளட்டும் என்பது அவர் ஏற்பாடு. ஆகவே பழுது அகப்பட வேண்டும். இருட்டுவதற்குள் அகப்பட வேண்டும். இல்லாவிட்டால் அவன் இங்கே படுப்பான், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம்.

சாரல் காலத்தில் எண்ணெய்த் தொட்டியில் தண்ணீர் இறங்குவது உண்டு. வீரபாகு அடிமூடியைத் திறந்து பார்த்தான். தண்ணீர் இல்லை. வடிகட்டியைக் கழற்றி அலசினான். குழாயில் காற்று இருக்கிறதா என்று எண்ணெயைக் கொஞ்சம் வெளியே விட்டுப் பார்த்தான். ஒரு குமிழிகூட வரவில்லை. அதற்குள் முற்றத்தைக் கடந்து தோசை வாசனை வந்தது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தவிர மங்களேஸ்வரி தோசைக்கு மாவு ஆட்டினதில்லை. இன்றைக்குச் சுடுகிறாள். நேற்றே ஊறப் போட்டிருக்க வேண்டும். வண்டி வரும் என்று தெரிந்து ஊறப் போட்டிருக்க வேண்டும்.

மிச்சமிருந்தது ஒரே சோதனை. ஓடுகிற எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகிற எண்ணெய்க் குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் அந்தச் சிலிண்டருக்கு எண்ணெய் போகாது. அது நல்ல சிலிண்டராக இருந்தால் ஓட்டம் உடனே தடுமாறும். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ, அதுதான் வேலை செய்யாமல் சும்மா இருப்பது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்று.

முதல் நட்டைத் தளர்த்தினான். வண்டி இருமிக் குலுங்கியது. இறுக்கினான். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் தளர்த்தி, கசியும் எண்ணெயைக் கந்தலால் பொத்திக்கொண்டு கேட்டான்.

சத்தம் மாறவில்லை.

அகப்பட்டுவிட்டது என்று நிமிர்ந்தவனுக்கு வேறொன்று உறைத்தது. அடுக்களையில் பேச்சு நின்றுபோயிருந்தது. நம்பிராஜன் ஏதோ சொல்ல அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. வீரபாகு நட்டை இறுக்கினான். சிரிப்பு தொடர்ந்தது.

அவன் முகம் சூடேறியது. ஜன்னல் வழியாகத் தன்னைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார்கள். தான் நிமிர்ந்தால் வாயை மூடுகிறார்கள். குனிந்தால் பேசுகிறார்கள். வேறென்ன? நிச்சயப்படுத்திக்கொள்ள, இந்த முறை நிமிராமல், தலையை எஞ்சினுக்குள் நுழைத்தபடியே நட்டைத் தளர்த்தினான். பேச்சு நின்றது. இறுக்கினான். வந்தது. தளர்த்தினான். நின்றது. தோசை வாசனையும் அப்போது இல்லை என்பது மனதில் எங்கோ பட்டது. அதை அவன் பொருட்படுத்தவில்லை. அவர்களைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்ற ஒன்றே அவனுக்குள் இருந்தது.

நட்டைத் தளர்ந்தபடியே விட்டுவிட்டு, ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி, லாரியின் மறுபக்கமாகச் சுற்றி முற்றத்தில் இறங்கினான். தேங்கிய தண்ணீரில் கால் கணுக்கால்வரை இறங்கியது. சத்தம் கேட்டுவிடுமோ என்று நின்றான். கேட்கவில்லை. அவனுக்கே கேட்கவில்லை.

சுவரோடு ஒட்டி ஜன்னலை அடைந்தான்.

அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நம்பிராஜன் கையை விரித்து எதையோ விவரித்தான். மங்களேஸ்வரி கரண்டியை வைத்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். அவள் தோள்கள் குலுங்கின. கல்லில் மாவு விழுந்து ஆவி எழுந்தது. ஒரு சத்தமும் இல்லை. வாசனையும் இல்லை. வீரபாகு மேலே பார்த்தான். மழை கொட்டிக்கொண்டிருந்தது. தகரத்தின் மேல் துளிகள் விழுந்து தெறிப்பது தெரிந்தது. அந்த முற்றத்தில் எஞ்சின் மட்டுமே கேட்டது.

எஞ்சின் இப்போது சீராக ஓடியது. நாலு அடி. நாலு அடி. நாலு அடி.

"ஏட்டி" என்றான். தொண்டை அசைந்தது. சொல் வரவில்லை. ஜன்னல் கம்பியை ஸ்பேனரால் அடித்தான். விளக்கின் சுடர் லேசாக ஆடியது. அவள் சுடரைப் பார்த்தாள், காற்று என்று எண்ணியவள் போல அதைக் கையால் மறைத்தாள். அவள் பார்வை அவன்மேல் பட்டு, அப்பால் போனது.

திரும்பி ஓடினான். நட்டை இறுக்க வேண்டும். அவ்வளவுதான். இறுக்கினால் எல்லாம் வந்துவிடும்.

நட்டு இறுகியிருந்தது.

கசிவு இல்லை. கந்தல் இல்லை. குழாய் காய்ந்திருந்தது, நாள்பட்ட தூசி நட்டைச் சுற்றி அப்படியே படிந்திருந்தது. ஸ்பேனரை மாட்டினான். தளர்த்திப் பார்த்தான். அசையவில்லை. இறுக்கிப் பார்த்தான். உடம்பின் பாரம் முழுவதையும் போட்டான். அசையவில்லை.

மறுபடி ஜன்னலுக்கு வந்தபோது மங்களேஸ்வரியின் முகம் யோசனையில் இருந்தது. நினைவுக்கு வராத எதையோ தேடுகிறவளின் முகம். அவள் உதடுகள் அசைந்தன. விரிந்தன. ஒட்டிப் பிரிந்தன. குவிந்தன. நம்பிராஜனைப் பார்த்து அவள் கேள்வி கேட்பது போல மறுபடி அதையே சொன்னாள். விரிந்து, ஒட்டி, குவிந்து.

வீரபாகு.

கட்டிக்கொண்டவன் பெயரை அந்தப் பக்கத்தில் எந்தப் பெண்ணும் வாயால் சொல்வதில்லை. அவளும் சொன்னதில்லை. அந்தப் பெயரைச் சொல்லும்போது அவள் உதடுகள் எப்படி இருக்கும் என்பதை அவன் இன்றுதான் பார்த்தான். கூச்சம் இல்லாமல் சொன்னாள். சந்தையில் யாரோ ஒருவனை விசாரிப்பது போலச் சொன்னாள்.

நம்பிராஜன் கொஞ்சம் யோசித்தான். தலையை ஆட்டினான். தெரியாது.

அவளும் விட்டுவிட்டாள்.

பிறகு அடுப்பிலிருந்து வெந்நீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு அவள் பின்வாசல் படியில் உட்கார்ந்தாள். வேலை முடிந்து வருகிற வீரபாகுவுக்கு அவள் வழக்கமாகச் செய்வது அது: கையில் தேங்காயெண்ணெய் தேய்த்து, கறுப்பைக் கரைத்து, வெந்நீர் ஊற்றுவது. நம்பிராஜன் அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்து கைகளை நீட்டினான். மணிக்கட்டுவரை கறுப்பு. ரேகைகளில் கறுப்பு. நாள்பட்ட கிரீஸ்.

அவள் எண்ணெய் தொட்டு, ஒவ்வொரு விரலாக, அவசரமில்லாமல் தேய்த்தாள்.

வீரபாகு தன் கைகளை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தான். நகக்கண்ணில்கூடக் கறுப்பு இல்லை. அவற்றின் மேல் மழை விழுந்துகொண்டிருந்தது.

கைகள் நனையவில்லை.