வக்கீல் மன்னிப்புக் கேட்டாள்!

போன் அலறியது.

"மேடம்... எங்கக்காவைக் கொன்னுட்டாங்க!"

பெண் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "பாடி எங்கே?"

"பாடி இல்ல மேடம்... கதைதான் இருக்கு!"

சற்று நேரத்தில் அந்தத் தங்கை, மூச்சிரைக்க எதிரே உட்கார்ந்திருந்தாள்.

டி.வி. தொடர் ஒன்றில் ஒரு ஜோடி. மனைவி வக்கீல், கணவன் டாக்டர். அவர்கள் மேல் பைத்தியமான அக்கா, அந்த ஜோடியின் ஒரு வருட வாழ்க்கையை மாதம் ஒரு பாகமாக எழுதி, இணையத்தில் தானே வெளியிட்டுக்கொண்டிருந்தாள்.

நேற்று புதுப் பாகம் வந்திருந்தது.

"இதை அக்கா எழுதல மேடம்! வக்கீலம்மா புருஷன் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கறா! எங்கக்கா செத்தாலும் அப்படி எழுத மாட்டா!"

"போன் பண்ணிப் பாத்தியாம்மா?"

"மாமாதான் எடுக்கறார். தோழி வீட்டுக்குப் போயிருக்கா, அதான் கதை வருதே, அப்புறம் என்ன பயம்னு கேக்கறார்!"

"மாமாவுக்கு என்ன தொழில்?"

"மருந்து மொத்த வியாபாரம். எல்லாம் போலி, போலீசுக்குப் போகப்போறேன்னு அக்கா சொன்னா... அதோட அவ குரலையே கேக்கல மேடம்!"

ஜீப் பறந்தது.

மருந்துக் கிடங்கு. அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே அக்காவின் கணவன் சிரித்தான்.

வியர்த்துக்கொண்டே சிரித்தான்!

"என்னம்மா, உங்கக்கா மாதிரியே உனக்கும் கற்பனை ஜாஸ்தியாயிடுச்சா?"

இன்ஸ்பெக்டர் நெருங்கினார். "புதுப் பாகத்தை எழுதினது நீங்கதானே?"

"நானா? சத்தியமா இல்ல மேடம்!"

"அப்ப எழுதினவங்க எங்கே?"

அவன் கண்கள் ஒரு கணம் பின்பக்க அறைக்கு ஓடித் திரும்பின.

அங்கே... பூட்டு!

கான்ஸ்டபிள் உடைத்தார். தங்கை கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"ஏண்டி இவ்வளவு லேட்டு?"

அக்கா!

உயிரோடு! லேப்டாப் முன்னால், காலில் சங்கிலியோடு!

தங்கை பாய்ந்து கட்டிக்கொண்டாள். "அப்ப... அந்தக் கேவலமான பாகம்?"

"நான் எழுதினதுதான். நான் நல்லா இருக்கேன்னு எல்லாரும் நம்பணுமாம். கழுத்துல கத்தியை வெச்சு எழுதச் சொன்னார். அதான் வக்கீலம்மாவைக் கால்ல விழ வெச்சேன். நீ ஒருத்தியாவது சந்தேகப்படுவேன்னு தெரியும்டி!"

கணவன் உளறினான். "நா... நான் படிச்சுப் பாத்துட்டுத்தானே வெளியிட்டேன்... எந்தத் தப்பும் தெரியலையே!"

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார்.

"முன்னாடி வந்ததையும் படிச்சிருக்கணும் சார். பரவாயில்ல... உள்ளே நிறைய டைம் கிடைக்கும். முதல் பாகத்துலேர்ந்து ஆரம்பிங்க!"