ஒற்றைக் கொம்பு

திங்கட்கிழமை கல்வெட்டின் மேல் தாள் ஒட்டி எடுத்த மைப்படியில் பதினோரு வரி. இன்று அதே கல்லில், அதே ஆள் எடுத்ததில் பன்னிரண்டு. அவள் விரல் வைத்து மூன்றாம் முறையும் எண்ணினாள். எண்ணத் தெரியாதவளா அவள்? வட்டார வரலாறு, வட்டார வரலாறு என்று பதினைந்து வருஷமாகக் கல்லெழுத்து படித்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவள்.

"அண்ணே, கீழே ஒரு வரி கூடியிருக்கே?"

படி எடுக்கிறவருக்கு அலுவலகத்தில் மைக்கை என்று பெயர். தூரிகையை மேசையில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "கல்லுல ஈரத்தாளை ஒட்டி அடிக்கிறதுதாம்மா என் வேலை. நானா எழுதுவேன்? அச்சுக்குத் தெளிவா ஒண்ணு வேணும்னு நீங்கதானே மறுபடி எடுக்கச் சொன்னீங்க." முணுமுணுத்துக்கொண்டே டீ குடிக்கப் போய்விட்டார்.

பின்னறையில் அவளும் கல்லும் மட்டும். மதிய வெயில் சன்னல் கம்பிகளின் நிழலைத் தரை முழுக்க நீட்டிப் போட்டிருந்தது. மையும் ஈரக் காகிதமும் கலந்த வாசனை தொண்டையில் ஒட்டியது. கல்லை விட்டு இன்னும் உரிக்காத தாளின் ஓரம், மின்விசிறி ஓடாதபோதும், எழுந்து எழுந்து படிந்தது. பத்து வருஷம் ஏங்கிக் கிடைத்த ஏழு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு குனிந்தாள்.

பன்னிரண்டாம் வரி ஒரு பெயர். தகப்பன் பெயரோடு. அலுவலகத்து எழுத்தரின் பெயர்.

திங்கட்கிழமை அவள் கல்லைப் பார்த்து உரக்க வாசிக்க, எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டவர் அவர்தான். நேற்று வரவில்லை. அவர் வீட்டுக்குப் போன் போட்டாள். எடுத்தது மருமகள்.

"மாமா காலையில போயிட்டாருங்க." விசும்பல். "யாரோ படிக்கிறாங்க, காதை மூடு, காதை மூடுன்னு ராத்திரி பூரா ஒரே புலம்பல்."

போனை வைத்தாள். கண் தானாகக் கல்லின் முதல் வரிக்குப் போயிற்று. 'இது வாசிக்கக் கேட்டவர்' என்று படித்து, சாட்சிகளின் பட்டியல் என்று கட்டுரையில் அடித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் அந்தக் காலத்து எழுத்தில் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்புதான். கே என்றும் படிக்கலாம். கெ என்றும் படிக்கலாம்.

இது வாசிக்கக் கெட்டவர். வாசித்ததில் அழிந்துபோனவர்கள்.

தூக்கிவாரிப் போட்டது. அடிப் பாவி, தொண்டை கிழிய வாசித்தாயே! யார் யார் காதில் விழுந்தது? மைக்கை அன்றைக்குப் படியைக் கொடுத்த கையோடு கிளம்பிவிட்டார். வாசிக்கிறவளை அது தொடவில்லை. அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். ஆக, கேட்டது எழுத்தர் ஒருவர்தான். அப்பாடா என்று மூச்சு விட்டாள். விட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது.

டொப்.

தூரிகை அடிக்கிற சத்தம். தூரிகை மேசையில் கிடந்தது.

டொப். டொப்.

கல்லுக்குள்ளிருந்து. பன்னிரண்டாம் வரிக்குக் கீழே தாள் உள்வாங்கியது. ஒரு கோடு. ஒரு சுழி. முதல் எழுத்து.

அந்த எழுத்தில் அலுவலகத்தில் யாருக்கும் பெயர் இல்லை.

இரண்டாவது எழுத்து.

போன வாரம் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "குழந்தைக்குக் காது கேக்க ஆரம்பிச்சாச்சு. நல்லதாப் பேசுங்க." அன்றைக்கு வீட்டில், கட்டினவனுக்குக்கூடச் சொல்லாமல், வயிற்றில் வாயை வைக்காத குறையாகக் குனிந்து, ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தாள்.

மூன்றாவது எழுத்து.

"தங்கம்... அசைடா. அம்மாவுக்காக ஒரு தடவை அசைடா."

வயிறு அசையவில்லை.

பாய்ந்து இரண்டு கையாலும் தாளை அழுத்திப் பிடித்தாள். குளிர்ந்த கல். உள்ளங்கைக்கு அடியில், கல்லுக்குள்ளிருந்து, சின்னஞ்சிறு பாதம் ஒன்று உதைத்தது.