ட்வீட்டர் இருந்த ஓட்டை

ஸ்பீக்கர் பெட்டியில் ஒரு வாரமாக ஊமையாய்க் கிடந்த ட்வீட்டர், கீச்சொலிக்கான அந்தச் சின்ன ஸ்பீக்கர், அனுசுயா பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் சத்தம் போட்டது. பல்லிடுக்கில் யாரோ மூச்சை இழுப்பதுபோல, ஸ்ஸ் என்று. மழை மூட்டத்தில் சாயங்காலமே இருட்டிவிட்டது. திருத்தணி மலைமேல் கோயில் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. அடிவாரத்தில், அவள் வாடகை வீட்டுக்குள், ஈர மரமும் பழைய கஞ்சிப் பசையும் கலந்த வாடை.

"கரண்டே இல்ல, உனக்கு இன்னா பேச்சு?" என்று ஸ்பீக்கர் பெட்டியை ஒரு தட்டுத் தட்டினாள். சத்தம் நின்றது.

நாளைய கிருத்திகைக் கச்சேரியில் பேஸ் கிட்டார் அவளுடையது. அவளுக்குக் கிடைத்த முதல் மேடை. இசைக்குழு நடத்தும் ஹேமநாதன் போனில் வந்து, பெட்டி சரியாகாவிட்டால் அரக்கோணத்திலிருந்து வேறு ஆளை வரவழைக்கட்டுமா என்று இழுத்தார். பொம்பளைக்கு எதற்கு இவ்வளவு பெரிய கிட்டார் என்று முன்பு கேட்டவரும் அவர்தான்.

"யாரும் வரவேணாங்க. நாளைக்கு நான்தான் வாசிக்கிறேன்."

கேபிளை மாற்றிப் பார்த்தாள். திருகாணிகளைக் கழற்றி ட்வீட்டரை வெளியே எடுத்தாள், ஒயரை விடுவித்தாள், மீட்டரை வைத்தாள். முள் அசையவில்லை. உள்ளே கம்பிச்சுருள் அறுந்திருந்தது. அறுந்த சுருள் முனகக்கூடச் செய்யாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் மூச்சு மறுபடி கேட்டது. ட்வீட்டர் இருந்த ஓட்டைக்குள்ளிருந்து கேட்டது.

எதிரொலி வராமலிருக்கப் பெட்டிக்குள் பஞ்சு அடைப்பார்கள். அவள் பொதட்டூர்பேட்டையில் பெரியம்மா வீட்டுப் பூட்டிய தறிக்கூடத்திலிருந்து கழிவு நூலை மூட்டை கட்டி வந்து அடைத்திருந்தாள். பெரியம்மாவின் நாத்தனார் கன்னியம்மாள், அரக்கு நிறப் புடவை பாதியில் நிற்க, தறிமேலேயே சாய்ந்து செத்துப்போன இடம் அது. அவள் முடிக்காமல் போனது, தொடாதே என்று பெரியம்மா கெஞ்சினாள். செத்தவளுக்கு எதற்கு நூல் என்று இவள் சிரித்தாள்.

ஓட்டைக்குள் கையை விட்டாள். நூல் வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தது. அடைத்தது வெள்ளை நூல். கையோடு வந்தது அரக்கு. இழுத்தாள். உள்ளேயிருந்து திருப்பி இழுத்தது.

நூலை விட்டுக் கையை உருவிக்கொண்டாள். ஆத்திரம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"நீ முடிக்காம போனதுக்கு நான் எதுக்கு நிறுத்தணும்?"

ட்வீட்டர் இல்லாவிட்டாலும் கீழே இருக்கும் பெரிய ஸ்பீக்கர் போதுமென்று பிளக்கைச் சொருகினாள். கிட்டாரை மாட்டிக்கொண்டு அடித்தாள். தடித்த தந்தியின் அதிர்வில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. மூச்சுச் சத்தம் அடங்கிவிட்டது. நாளைய முதல் பாட்டைக் கண்ணை மூடி முழுசாக வாசித்தாள். அடுத்ததைத் தொடங்கினாள்.

ஒலி மழுங்கியது. குனிந்து பார்த்தாள்.

அரக்கு நூல் ஓட்டையிலிருந்து தரையில் இறங்கி, அவள் மடியில் ஏறியிருந்தது. நான்கு தந்திகளும் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளாக, அவற்றுக்குக் குறுக்கே ஓடியது. ஒன்றின் மேல். ஒன்றின் கீழ். நெருக்கமான, பிசிறில்லாத நெசவு. நாலு விரற்கடைத் துணி அதற்குள் வந்திருந்தது.

உதறினாள். விடவில்லை.

தந்திகள் முடிந்தன. நூல் நிற்கவில்லை. ஆள்காட்டி விரலின் மேல். நடுவிரலின் கீழ். மோதிர விரலின் மேல். இறுக்கம். மறுபடி திரும்பி வந்தது.

மலையில் மணி அடித்தது. நெய்யாமல் மிச்சமிருந்த கட்டைவிரலால் அனுசுயா வாசித்துக்கொண்டேயிருந்தாள்.