ஒன்றாம் தேதிக்காரர்கள்

அழக்கூடாது என்று வைராக்கியமாகத்தான் வந்தாள் ஜெய்னப். குரோம்பேட்டையில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் ஸ்ரீரங்கன் காப்பி டம்ளரை நீட்டியதுமே பொலபொலவென்று உடைந்துவிட்டாள்.

தாம்பரத்துக் கண் ஆஸ்பத்திரி ஒன்றில் கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு. இலவசக் கண்புரை ஆபரேஷனுக்குப் பதிந்தவர்களின் பெயரையும் தேதியையும் ஏற்றி, தேதிவாரியாக அடுக்கித் தர அவளே புரோகிராம் எழுதியிருந்தாள். முன்னால் பதிந்தவரை முன்னால் கூப்பிட வேண்டும். ஆனால் ஜனவரியில் பதிந்த டெய்லர் பொன்னுசாமி காத்துக்கிடக்க, அதே வருஷம் செப்டம்பரில் பதிந்த சவுரிமுத்துவுக்கு அழைப்பு போய்விட்டது.

"கூப்பிட்டவங்கள்ல முக்கால்வாசிப் பேர் ரயில்வேல ரிடையர் ஆனவங்க, சார். எங்க வாப்பாவும் ரயில்வேதான். நான் காசு வாங்கிட்டேன்னு பொன்னுசாமி சம்சாரம் தனம் அக்கா எல்லார் முன்னாடியும் கத்துறாங்க. வேலை போனா போகட்டும். திருடின்னு பேர் வந்தா வாப்பா தாங்க மாட்டாரு."

"சவுரிமுத்துவை ஒரு உலுக்கு உலுக்கினா உண்மையைக் கக்கிடுவான், சார்!" உதவியாளன் குப்புராஜ் ஸ்கூட்டர் சாவியை எடுத்தேவிட்டான். துப்புத் துலக்குவதில் பாதி உலுக்குவதுதான் என்பது அவன் கட்சி.

"ஸ்கூட்டரை எடு, போதும்" என்றார் ஸ்ரீரங்கன்.

ஆஸ்பத்திரியில் தலைமை டாக்டர் மெட்டில்டா எல்லோரையும் வரவழைத்திருந்தார். ஸ்ரீரங்கன் சவுரிமுத்துவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பேர் குடுக்க என்னிக்கு வந்தீங்க?"

"ஒண்ணாந் தேதி, சார். பக்கத்து பேங்க்ல பென்ஷன் வாங்க எங்க ரயில்வே ஆளுங்க எல்லாம் அன்னிக்குத்தான் வருவோம். அப்படியே இங்க பேரையும் குடுத்துட்டுப் போயிடுவோம்."

"உங்க வீட்டுக்காரர், தனம்மா?"

"பொங்கத் துணியெல்லாம் தச்சு முடிச்சிட்டு, இருபத்தெட்டாந் தேதி இட்டாந்தேன்."

ஸ்ரீரங்கன் புன்னகைத்தார். "ஜெய்னப், தேதியை எப்படி ஏத்துறே?"

"எல்லாரும் எழுதுற மாதிரிதான், சார். முதல்ல நாள், அப்புறம் மாசம், வருஷம்."

"அங்கதான் இருக்கு விஷயம். உன் கம்ப்யூட்டருக்கு அது தேதின்னே தெரியாது. வெறும் எழுத்தா நினைச்சு இடப்பக்கத்துலேர்ந்து பார்க்குது, முதல்ல இருக்கிற நாளை வச்சே அடுக்கிடுது. அதனால செப்டம்பர் ஒண்ணு முன்னாடி, ஜனவரி இருபத்தெட்டு பின்னாடி. ஒண்ணாந் தேதி வர்றவங்க பென்ஷன்காரங்க. அதனாலதான் உங்க வாப்பாவோட கூட்டாளிங்களுக்கு நீ சலுகை காட்டின மாதிரி தெரியுது. வருஷத்தை முதல்ல போடு, பிறகு மாசம், கடைசியா நாள்."

ஜெய்னப் மாற்றி அடுக்கினாள். பொன்னுசாமியின் பெயர் உச்சிக்கு வந்துவிட்டது.

"தப்பு என்னோடதுதான், டாக்டர்."

"தப்பு வேற, திருட்டு வேற. நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வா" என்றார் டாக்டர்.

தனம் கிட்டே வந்து ஜெய்னப்பின் கன்னத்தை வருடினாள்.

"கண்டபடி பேசிட்டேன், கண்ணு. மன்சுல வச்சிக்காத. கட்டு பிரிக்கிற அன்னிக்கு நீ எதிர்ல வந்து நில்லு. எங்கூட்டுக்காரரு மொதல்ல உன் மொகத்துலதான் முழிக்கணும்."